மீட்டுக் காட்டு!

தம்பி, தங்கச்சி, "ஸ்டோரேஜ் டீமில் இருக்கிறேன்" என்று சொல்லும்போது உன் குரல் ஏன் இறங்குகிறது? சொந்தக்காரர் கேட்டால் ஏதோ சப்போர்ட் வேலை என்று முணுமுணுத்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறாய். கூடப் படித்தவன் ஆப் எழுதுகிறான், அதைப் போனில் திறந்து காட்டுகிறான். உன்னிடம் திறந்து காட்ட ஒன்றுமில்லை என்று நீயாகவே முடிவுகட்டிவிட்டாய். சோழிங்கநல்லூரிலும் சிறுசேரியிலும் இரவு ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி வண்டியில் தலைசாய்த்து வீடு திரும்புகிற எத்தனையோ பிள்ளைகள் இப்படித்தான் தங்களைத் தாங்களே குறுக்கிக்கொள்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு ஆலைக்கே சம்பளம் போகிறது, ஒரு மருத்துவமனையில் ஸ்கேன் படம் திறக்கிறது, ஒரு துறைமுகத்தில் சரக்கு இறங்குகிறது. அத்தனையும் நீ காவல் காக்கிற வட்டுகளின் மேல் நடக்கின்றன. ஒன்றும் நடக்காமல் விடிந்த இரவுதான் உன் வெற்றி. அதைப் படம் பிடித்து யாருக்கும் காட்ட முடியாது என்பதால் அது சின்ன வெற்றி ஆகிவிடாது. நிமிர்ந்து உட்கார். உன்னிடம் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. காலை 11.40 மணிக்கு நம் தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. நாடு முழுவதும் வாங்கியவரும் விற்றவரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகப் பிற்பகல் 3.30-க்கு மூடுகிற சந்தை, அன்று 3.45-க்குத் திரும்பவும் திறந்து 5 மணி வரை நடந்தது. என்ன ஆயிற்று என்பதைச் சந்தை நிர்வாகமே பின்னர் விளக்கியது. முதன்மைத் தளத்தையும் அருகிலிருந்த மாற்றுத் தளத்தையும் இணைக்கும் தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. அந்தத் தடுமாற்றத்தைத் தாங்கியிருக்க வேண்டிய சான் (ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்) எதிர்பாராத விதமாக நடந்துகொண்டது. முதன்மைத் தளத்தின் சர்வர்கள் அதை எட்ட முடியாமல் போயின. இடர் கண்காணிப்பு நின்றது, அது இல்லாமல் வர்த்தகத்தை ஓட்ட முடியாது. மென்பொருள் இருந்தது, சர்வர் இருந்தது, மின்சாரம் இருந்தது. ஸ்டோரேஜ் கைவிட்டது, தேசியப் பங்குச் சந்தையின் வர்த்தகம் நான்கு மணி நேரம் படுத்தது. இனி உன் வேலை சின்ன வேலை என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியைச் சொல்.

ஆனால் ஒன்று. வேலை பெரியது என்று தெரிந்தால் மட்டும் நெஞ்சில் துணிவு வந்துவிடாது. உள்ளது உள்ளபடி சொன்னால், பெரிய வேலை என்று தெரிந்ததும் முதலில் பயம்தான் வரும். கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று நூறு தடவை சொல்லிப் பார். அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வந்து, இருபது பேர் காத்திருக்கிற பிரிட்ஜ் காலில் உன் பெயரைக் கூப்பிடும்போது அந்த நூறு தடவையும் உதவாது. இந்தத் தொழிலில் துணிவு வேறு வழியாக வருகிறது. எது எப்படி உடையும் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டவனுக்குத்தான் அது வருகிறது.

இந்தத் தொழிலே அப்படிப் பிறந்ததுதான். 1988-இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் ரெய்டு பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். கிப்சன் அப்போது ஆராய்ச்சி மாணவர். பெரிய கணினிகளுக்கென்று விலையுயர்ந்த பெரிய வட்டுகள் ஆண்ட காலம் அது. இவர்களோ, பி.சி.க்காகச் செய்த மலிவான குட்டி வட்டுகளைக் கூட்டமாகக் கட்டி அந்தப் பெரிய வட்டை ஜெயிக்கலாம் என்றார்கள். அதே கட்டுரையில், தங்கள் யோசனையின் பலவீனத்தையும் அவர்களே எழுதினார்கள். ஒரு வட்டின் சராசரி ஆயுள் 30,000 மணி நேரம். நூறு வட்டுகளைச் சேர்த்தால் அவற்றில் ஒன்று சாக 300 மணி நேரம்தான், அதாவது இரண்டு வாரத்துக்கும் குறைவு. இப்படி ஒரு எண்ணைப் பார்த்தவர்கள் யோசனையைக் குப்பையில் போட்டிருக்கலாம். அவர்கள் போடவில்லை. சாகட்டும், சாகும் என்று தெரிந்தே கட்டுவோம் என்று உபரி வட்டுகளையும் பாரிட்டியையும் வைத்து அந்த அடுக்கை நிற்கவைத்தார்கள். இன்று உலகின் எந்த டேட்டா சென்டருக்குள் போனாலும் அவர்கள் சிந்தனை ஓடிக்கொண்டிருக்கிறது. தோல்வியை ஒப்புக்கொண்டு, அதற்குக் கணக்குப் போட்டவர்களின் வாரிசு நீ!

அதனால் கணக்குப் போடக் கற்றுக்கொள். இதை நான் கெஞ்சியே கேட்பேன். 20 டெராபைட் வட்டு ஒன்று செத்தது. மாற்று வட்டில் வினாடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினால்கூட 80,000 வினாடி, அதாவது 22 மணி நேரத்துக்கு மேல். உண்மையான வேலைச் சுமைக்கு நடுவில் அது நாள்கணக்கில் இழுக்கும். அத்தனை நேரமும் ரெய்டு-5 தொகுப்பு பாதுகாப்பில்லாமல் நிற்கிறது, இரண்டாவது வட்டு போனால் எல்லாம் போயிற்று. இந்த எண்ணைக் கையில் வைத்திருப்பவன் ரெய்டு-6 வேண்டும் என்று கேட்கும்போது கெஞ்ச வேண்டியதில்லை. இன்னொன்று. சென்னையிலிருந்து மும்பைக்கு ஒரு எழுத்துகூட இழக்காமல், வேகமும் குறையாமல் ரெப்ளிகேஷன் வேண்டும் என்று ஒரு மேலாளர் கேட்கிறார். ஃபைபருக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோ வினாடி. நேர்க்கோட்டிலேயே ஆயிரம் கிலோமீட்டர். போய்வர 10 மில்லி வினாடி. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அந்தப் பத்து மில்லி வினாடி காத்திருக்கச் சம்மதமா, அல்லது மும்பைப் பிரதி சில வினாடி பின்தங்கி வரச் சம்மதமா? இந்தக் கேள்வியை மரியாதையோடு, குரல் நடுங்காமல் அவர் முன் வை. அவர் பதவி பெரிதாக இருக்கலாம், ஒளியின் வேகத்தை அவராலும் மாற்ற முடியாது.

இப்போது அந்த பிரிட்ஜ் காலுக்கு வருவோம். உன் உண்மையான பயம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தமிழ் வழியில் படித்தேன், ஆங்கிலத்தில் தடுமாறுவேன், அமெரிக்கர் வேகமாகப் பேசுகிறார், டேட்டாபேஸ் ஆள் எடுத்த எடுப்பில் "ஸ்டோரேஜ் ஸ்லோ" என்று பழியைப் போட்டுவிடுகிறார். கேள். அந்த அழைப்பில் யாரும் உன் இலக்கணத்துக்கு மதிப்பெண் போடவில்லை. அவர்கள் நான்கு விஷயம் தெரிந்துகொள்ளத் துடிக்கிறார்கள்: என்ன விழுந்தது, என்ன இன்னும் நிற்கிறது, தரவு பத்திரமா, அடுத்த தகவல் எப்போது. "ஃபேப்ரிக் ஏ விழுந்திருக்கிறது. ஃபேப்ரிக் பி-யில் எல்லா சர்வரும் ஓடுகிறது. தரவு இழப்பு இல்லை. பதினைந்து நிமிடத்தில் மறுபடி சொல்கிறேன்." இந்த நான்கு குட்டி வாக்கியங்களை எந்த மொழியிலும் சொல்லலாம், எந்த உச்சரிப்பிலும் சொல்லலாம். பதினைந்தாவது நிமிடத்தில் சொன்னபடி பேசு, தெரியாவிட்டால் இன்னும் தேடுகிறேன் என்றாவது பேசு. அடுத்த அழைப்பில் கூட்டமே உன் குரலுக்காகக் காத்திருக்கும்.

பழி போடுகிறவரோடு சண்டைக்குப் போகாதே. பாதையைக் காட்டு. அப்ளிகேஷனிலிருந்து ஃபைல் சிஸ்டம், அங்கிருந்து வால்யூம், மல்ட்டிபாத், எச்.பி.ஏ., சுவிட்ச் போர்ட், அரே போர்ட், கேஷ், வட்டு என்று எழுதும் தரவு நடக்கும் வழி முழுவதும் உனக்குத் தூக்கத்திலும் தெரிந்திருக்க வேண்டும். அரே அரை மில்லி வினாடியில் பதில் தருகிறது, சர்வர் தரப்பில் முப்பது மில்லி வினாடி தெரிகிறது என்றால் மீதி நேரம் நடுவில் எங்கோ ஒளிந்திருக்கிறது. சில சமயம் ஒரு சர்வர் தன் பங்கை வாங்க மறுத்து, பின்னால் நிற்கும் எல்லோரையும் காக்கவைத்திருக்கும். சில சமயம் ஃபைபர் முனையில் ஒட்டிய தூசிதான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசியால் சுவிட்ச் போர்ட்டில் சி.ஆர்.சி. பிழைகள் ஏறும், பெரிய வங்கியின் அப்ளிகேஷன் ஒன்று நொண்டும். அதைக் கண்டுபிடித்து, துடைத்து, பிழை எண்ணிக்கை ஏறாமல் நிற்பதைக் காட்டுகிறவனுக்கு வாதாட வேண்டிய தேவையே இல்லை. எந்த மேடைப் பேச்சாளனுக்கும் கிடைக்காத அதிகாரம் அது!

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானதற்கு வருகிறேன். பேக்கப் வெற்றி என்று பச்சை நிறத்தில் அறிக்கை வருகிறது. அதை நம்பி நீ நிம்மதியாக இருக்கிறாய். கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்திலும் அப்படித்தான் இருந்தார்கள். 2017 ஜனவரி 31 இரவு, டேட்டாபேஸ் பிரதி ஒன்று பின்தங்க, அதைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு வினாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிகாபைட் அளவிலிருந்து 4.5 ஜிகாபைட்தான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், அது சேரவேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பு டேட்டாபேஸ் பதிப்போடு ஒத்துப்போகவில்லை, அதனால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்கிறேன் என்று அது அனுப்பிய மின்னஞ்சல்கள் யாரிடமும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது எது? ஆறு மணி நேரம் முன்னால் வேறு ஒரு சோதனைக்காகக் கையால் எடுத்துவைத்த ஸ்நாப்ஷாட். எடுத்தவர் அதே பொறியாளர்! நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது, பிறகு முழு அறிக்கையையும் வெளியிட்டது. அந்த அறிக்கையைத் தேடிப் படி. நம் தொழிலில் அதைவிட நேர்மையான பாடப்புத்தகம் அரிது.

திறந்து பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல. ரீஸ்டோர் செய்து பார்த்த நாளிலிருந்துதான் அது உன்னுடையது. கிணற்றில் குதித்தவனுக்குத்தான் நீச்சல். கரையில் நின்று படித்தவன் படித்தவன்தான். மாதம் ஒரு தடவை, ஏதாவது ஒரு டேட்டாபேஸை, தனியான இடத்தில் மீட்டெடுத்து, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துவைப்பவன் நடக்கும் நடையைப் பார். நிஜமான விபத்து நாளில் எல்லோரும் ஓடும்போது அவன் ஓடமாட்டான். அவனுக்கு நேரம் தெரியும். "இரண்டு மணி பத்து நிமிடத்தில் எழுப்பிவிடுவேன்" என்று அவன் சொன்னால் நிதித்துறைத் தலைவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அமைதியாவார். நான் சொல்லும் தன்னம்பிக்கை இதுதான். வேறு எதையும் அந்தப் பெயரில் ஏற்க நான் தயாரில்லை.

2025 செப்டம்பர் 26-ஐயும் உனக்குச் சொல்லியாக வேண்டும். தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தகவல் வள மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் ஸ்தம்பித்தன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் அங்கேதான் இருந்தது, எரிந்துபோனது. 858 டெராபைட். வெளியே பிரதி இல்லை. அலுவலகக் கணினியில் வைக்காமல் இதில் வையுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொல்லியிருந்த அமைப்பு அது. கொள்ளளவு மிகப் பெரியது, அதனால் வெளிப் பேக்கப் எடுக்க முடியவில்லை என்று விளக்கம் வந்தது. தம்பி, நீ ஸ்டோரேஜ் ஆள், நீ கணக்குப் போடு. எல்.டி.ஓ.-9 டேப் ஒன்றில், சுருக்காமலேயே 18 டெராபைட் பிடிக்கும். 858-ஐ 18-ஆல் வகு. 48 டேப். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டிகள் 48, மொத்தமாகத் தோள்பை ஒன்றில் போட்டுத் தூக்கலாம். மாறும் கோப்புகளைத் தினமும் பின்தொடர இன்னும் ஏற்பாடு வேண்டும், செலவும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு நாட்டின் எத்தனை ஆண்டு உழைப்பு அந்தத் தோள்பைக்குள் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. உன் நிறுவனத்திலும் "ரொம்பப் பெரிசு, பேக்கப் வேண்டாம்" என்று ஒரு மூலையில் ஏதாவது கிடக்கும். அதைக் கண்டுபிடி. இந்த வகுத்தலைச் செய். எழுத்தில் அனுப்பு. ஏற்றுக்கொள்ளாவிட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடி அனுப்பு. ஆபத்தை அறிந்தவன் வாய்மூடி இருப்பதைப் பணிவு என்று யாரோ உனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தூங்காமல் உழை, உயிரைக் கொடு என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. நமக்கு மைக்ரேஷன் நேரமே மற்றவர்களின் விடுமுறை நேரம்தான். பொங்கல் அன்றும் தீபாவளி இரவும் ஆபீஸில் உட்கார்ந்தவர்கள் நாம், அந்த வலி எனக்குத் தெரியும். கிட்லாப் பொறியாளர் அன்றிரவு வேலையை முடித்துக் கிளம்ப நினைத்திருந்தார் என்று அவர்கள் குறிப்பே சொல்கிறது. அப்புறம்தான் கோளாறு வந்தது, அவர் தொடர்ந்தார். களைத்த மூளை, அழிக்கும் கட்டளை, இரண்டும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. பதினாறு மணி நேரம் விழித்தவன் "என்னால் இதற்கு மேல் முடியாது, அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஒப்படைக்கிறேன்" என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். சொல். லன்னை (LUN) அழிப்பதற்கு முன் அதன் அடையாள எண்ணைப் பக்கத்தில் இருப்பவர் உரக்கப் படிக்க, நீ திரையில் ஒத்துப்பார். டபிள்யூ.டபிள்யூ.என்னின் எல்லா எழுத்தையும் பார், கடைசி நான்கை மட்டும் பார்க்காதே. பத்து வருட அனுபவத்துக்கு அப்புறமும் இப்படிச் செய்பவரைப் பார்த்துச் சிரிக்கும் டீமில் இருந்தால், சிரிக்கட்டும். நீ செய்.

"எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதே, இனி நமக்கு என்ன வேலை" என்று கேட்கிறாய். 1956-இல் ஐ.பி.எம். ராமாக்கோடு வந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல வட்டுகள் 50 இருந்தன, அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் பிடித்தன. அங்கிருந்து இன்றுவரை பெட்டி மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. வைத்ததைத் திருப்பிக் கொடு என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. அமேசானின் எஸ்3 பதினொரு ஒன்பதுகள் கொண்ட நீடிப்புக்காக வடிவமைக்கப்பட்டது, உண்மைதான். வட்டு செத்தால் அது காப்பாற்றும். உன் நிறுவனத்து ஆள் ஒருவர் தவறான பக்கெட்டை அழித்தாலோ, திருடன் கடவுச்சொல்லோடு உள்ளே வந்தாலோ, சொன்னதை அது அப்படியே செய்யும். வெர்ஷனிங் வைத்தாயா, பூட்டு போட்டாயா, வேறு கணக்கில் பிரதி வைத்தாயா என்பதெல்லாம் ஸ்டோரேஜ் ஆளின் கேள்விகள். ரான்சம்வேர் கும்பல் இன்று உள்ளே வந்ததும் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். அவர்களுக்கே உன் அருமை தெரிகிறது, உனக்குத் தெரியாதா? ஏ.ஐ. பயிற்சிக்கு அடுக்கிய விலையுயர்ந்த ஜி.பி.யூ.க்களும் தரவு வந்து சேராவிட்டால் சும்மா நிற்கும். ஆனால் ஒரு நிபந்தனை. ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு பெட்டியில் எந்த பட்டனை அழுத்துவது என்பதை மட்டும் தெரிந்துவைத்திருப்பவனுக்கு இந்தக் காலம் இடம் தராது. அதை உன்னிடம் மறைத்தால் நான் உனக்கு அண்ணன் அல்ல.

லேப் இல்லை என்று சாக்குச் சொல்லாதே. பழைய லேப்டாப் ஒன்று போதும். லினக்ஸ் போடு. நான்கு வெற்றுக் கோப்புகளை உருவாக்கி அவற்றை வட்டுகளாகக் காட்டு. ரெய்டு கட்டு, மேலே ஃபைல் சிஸ்டம் போடு, படங்களை நிரப்பு. அப்புறம் ஒரு வட்டை நீயே கொல். ரீபில்ட் ஓடும்போது உட்கார்ந்து பார். இரண்டு விர்ச்சுவல் மெஷினுக்கு நடுவில் ஐஸ்கசி ஓட்டு, இரண்டு பாதை கொடு, ஒன்றை வெட்டு, மல்ட்டிபாத் என்ன செய்கிறது என்று பதிவேட்டில் படி. இசட்.எஃப்.எஸ். மிர்ரர் போட்டு, ஒரு வட்டின் நடுவில் குப்பையை எழுதிவிட்டு ஸ்க்ரப் ஓட்டு, அது தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவதைக் கண்ணால் பார். பைத்தான் கொஞ்சம் கற்றுக்கொள். தினமும் கையால் செய்யும் ஹெல்த் செக்கை அதனிடம் கொடுத்துவிட்டு மிஞ்சும் நேரத்தில் இந்தப் பயிற்சிகளைச் செய். இதற்கெல்லாம் பெரிய கல்லூரிப் பட்டம் தேவையில்லை. டிப்ளமோ படித்தவனும், பி.எஸ்ஸி. படித்து எல்-1 மானிட்டரிங்கில் சேர்ந்தவளும் செய்யலாம். வெட்டிப் பார்த்தவர்களின் கண்ணில் ஒரு தெளிவு இருக்கும். இன்டர்வியூ எடுக்கிறவன் அதை இரண்டாவது கேள்வியிலேயே கண்டுகொள்வான்.

நாளைக்கு ஷிஃப்ட் ஏறியதும் ஒரு டிக்கெட் திற. உன் பொறுப்பில் உள்ள, யாரும் கண்டுகொள்ளாத ஒரு சின்ன டேட்டாபேஸைத் தேர்ந்தெடு. அதன் சொந்தக்காரரிடம் அனுமதி கேள், புரொடக்‌ஷனைத் தொடமாட்டேன் என்று எழுதிக்கொடு. தனி சர்வரில் ரீஸ்டோர் செய். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வழியில் எது இடறியது, ரன்புக்கில் எந்த வரி தப்பு என்று எல்லாவற்றையும் குறி. அப்ளிகேஷன் ஆளைக் கூப்பிட்டு, உள்ளே நுழைந்து நேற்றைய பதிவு ஒன்றைத் திறந்து பார்க்கச் சொல். அவர் சரி என்றதும் மேலாளருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் மின்னஞ்சல் அனுப்பு. ஒருவேளை ரீஸ்டோர் தோற்றால் அன்றே அனுப்பு, அந்த அஞ்சலுக்கு மதிப்பு இன்னும் அதிகம். அடுத்த மாதம் எந்த டேட்டாபேஸ், எந்தத் தேதி என்பதையும் அதிலேயே எழுதிவிட்டு, கீழே டீமின் பெயரைப் போடாமல் உன் பெயரை முழுதாகப் போடு.